ஏட்டுப் பிழை காட்டும் வழி: எச்.ஐ.வி. எங்கிருந்து வந்தது என்று பார்ப்பது எப்படி

எச்.ஐ.வி. சோதனை செய்யும் நம்பிக்கை மையத்தில் முடிவைச் சொன்னதும் வருகிற முதல் கேள்வி பல நேரம் மருந்தைப் பற்றி இருக்காது. "யாருகிட்ட இருந்து வந்திருக்கும்?" என்பதாகத்தான் இருக்கும். கொஞ்சம் படித்தவர் என்றால் அடுத்த கேள்வியும் தயாராக இருக்கும்: "ஜீன் டெஸ்ட் பண்ணுனா தெரிஞ்சிரும்லா?"

பாதி தெரியும். எந்தப் பாதி என்பதில்தான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள்.

உ.வே.சா. சுவடி தேடி ஆழ்வார்திருநகரி வரைக்கும் வந்த திருநெல்வேலிச் சீமை இது. ஏட்டை வைத்தே இதை விளக்கிவிடலாம். ஒரே பாட்டின் பத்துப் பிரதிகளில் இரண்டில் மட்டும் ஒரே அடியில் ஒரே எழுத்துப்பிழை இருந்தால், அந்த இரண்டும் ஒரே தாய் ஏட்டைப் பார்த்து எழுதப்பட்டவை என்று சுவடி ஒப்பிடுகிறவர்கள் சொல்வார்கள். சரியாக இருக்கும் வரிகள் உறவைக் காட்டாது. பிழைதான் காட்டும். எச்.ஐ.வி.யும் மோசமான ஏடெழுதி. அதன் மரபணுத் தொகுதி, ஏ, டி, ஜி, சி என்று குறிக்கும் நான்கே எழுத்தில், சுமார் 9,700 எழுத்து நீளம். பிரதி எடுக்கும் நொதி, எழுதியதைத் திரும்பிப் பார்த்துத் திருத்தாது. ஏறக்குறைய 30,000 எழுத்துக்கு ஒரு பிழை விழும். அதாவது மூன்று பிரதிக்கு ஒன்று கறைபட்டது. மருந்து எடுக்காத ஒருவர் உடம்பில் நாளொன்றுக்கு ஆயிரம் கோடி அளவில் புது வைரஸ் பிறக்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

வைரஸின் துணைவகை (ஏ, பி, சி என்று பிரித்திருக்கும் பெரும் கிளைகள்) பார்த்தால் போதுமே என்று சிலர் நினைக்கிறார்கள். இந்தியாவில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் சி துணைவகைதான். தாராவியில் எடுத்தாலும் சி, திசையன்விளையில் எடுத்தாலும் சி. "பம்பாய்ல இருந்து கொண்டு வந்த சீக்கு" என்ற பழிக்குத் துணைவகைச் சோதனை எந்த ஆதாரமும் தராது. துணைவகைக்கு உள்ளே இருக்கும் பாடபேதங்களை எழுத்து எழுத்தாகப் பார்த்தால்தான் ஏதாவது சொல்ல முடியும்.

முழுத் தொகுதியையும் படிப்பதில்லை. மருந்து எதிர்ப்புச் சோதனைக்காக எப்படியும் படிக்கப்படும் 'போல்' மரபணுவின் ஒரு துண்டுதான் இதற்கும் பயன்படுகிறது. புரோட்டியேஸ் பகுதியின் 99 கோடான்கள் (மும்மூன்று எழுத்துக் கூட்டங்கள்), அதாவது 297 எழுத்து. அதைத் தொடர்ந்து, பிரதி எடுக்கும் நொதியான ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸின் முதல் 335 கோடான்கள், 1,005 எழுத்து. மொத்தம் 1,302.

வேலை கெடுவது பெரும்பாலும் லேபுக்குப் போகும் முன்பே. ரத்தம் ஊதா மூடி இடிடிஏ குழாயில் இருக்க வேண்டும். பச்சை மூடி ஹெப்பாரின் குழாயில் எடுத்துவிட்டால், மரபணுத் துண்டைப் பல மடங்காகப் பெருக்கும் பிசிஆர் படுத்துவிடும், ஹெப்பாரின் நொதியை முடக்கும். எடுத்த 6 மணி நேரத்துக்குள் பிளாஸ்மாவைப் பிரித்து மைனஸ் 80-இல் வைத்துவிட்டால் நல்லது. வள்ளியூரிலோ ராதாபுரத்திலோ எடுத்து அந்த வசதி இல்லையென்றால் டிபிஎஸ் கார்டுதான் வழி, அதாவது ரத்தத்தைச் சொட்டி உலர வைக்கும் அட்டை. தடித்த வடிதாளில் ஐந்து வட்டம், வட்டத்துக்கு 50 முதல் 75 மைக்ரோலிட்டர். ஒரே தடவையில் விட வேண்டும். மேலே மேலே சொட்டினால் அடுக்கடுக்காகப் படிந்து, பிறகு ஒழுங்காகக் கரைந்து வராது. கார்டைப் படுக்கையாக வைத்து, நிழலில், குறைந்தது மூன்று மணி நேரம், முடிந்தால் ராத்திரி முழுக்க உலர விட வேண்டும். அவசரத்துக்கு வெயிலில் வைப்பதும் ஹேர் டிரையர் காட்டுவதும் ஆர்.என்.ஏ.வைச் சுட்டுப் பொசுக்குவதற்குச் சமம்.

உலர்ந்த கார்டை ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களோடும், நிறம் மாறும் ஈரப்பத அட்டையோடும் ஜிப் பையில் போட்டு மூட வேண்டும். அட்டை நீலத்திலிருந்து ரோஸ் நிறத்துக்கு மாறியிருந்தால் பொட்டலத்தை மாற்ற வேண்டும். மே மாதம் பாளையங்கோட்டையில் 38, 39 டிகிரி என்று காயும்போது, ஜன்னலோர மேசையில் கிடந்த பை உள்ளுக்குள் வெந்துகொண்டிருக்கும். சாரல் காலத்தில் தென்காசிப் பக்கம் பிரச்சினை வேறு, கார்டு உலரவே மாட்டேன் என்கும். அறை வெப்பத்தில் 14 நாளுக்கு மேல் வைக்கக் கூடாது, பிறகு மைனஸ் 20.

டிபிஎஸ்ஸில் இன்னொரு வில்லங்கம் உண்டு. அது முழு ரத்தம். அதனால் வைரஸின் ஆர்.என்.ஏ.வோடு, செல்லுக்குள் ஒளிந்திருக்கும் பழைய டி.என்.ஏ. பிரதியும் சேர்ந்து பெருகும். பல வருஷத்துக்கு முந்தைய ஏட்டை இன்றைய ஏடு என்று நினைத்துப் படிக்கும் ஆபத்து அது. ஜி இருக்க வேண்டிய இடமெல்லாம் ஏ ஆகிக் கிடக்கும் சிதைந்த பிரதிகளும் அதில் வரும். நம் செல்லின் தற்காப்பு நொதி செய்த வேலை அது. அப்படி ஒரு எழுத்து வரிசையை, எந்த வைரஸுக்கு எது உறவு என்று காட்டும் வம்சாவளி மரத்தில் சேர்த்தால் கிளை காரணமில்லாமல் நீண்டு நிற்கும்.

லேபில் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஆர்.என்.ஏ.வைப் பிரிப்பது, இரண்டு சுற்று பிசிஆர், ஜெல்லில் பார்ப்பது, படிப்பைத் தொடங்கி வைக்கும் சிறு துண்டுகளான பிரைமர் 4 முதல் 6 வைத்து இரு பக்கமும் படிப்பது. வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் உள்ள வைரஸ் பிரதிகளின் எண்ணிக்கை, மில்லிலிட்டருக்கு 1,000-க்குக் கீழே இருந்தால் பிசிஆரில் பெரும்பாலும் பெருகாது. கவனம் தேவைப்படுவது இரண்டு இடத்தில். படித்த வரைபடத்தில் ஒரே இடத்தில் இரண்டு உச்சி தெரிந்து, சிறியது 20 சதவீதத்துக்கு மேல் என்றால் அது கலப்பு எழுத்து என்று குறிக்கப்படும். கலப்பு எழுத்து மிகுந்த வரிசை, கணக்கில் எல்லோருக்கும் சொந்தக்காரனாகிவிடும், நீக்கிவிடுவது மேல். இரண்டாவது, ஒரே நாளில் ஓடிய இரண்டு மாதிரிகள் எழுத்து மாறாமல் ஒத்துப்போனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பிப்பெட்டை, ஆட்களை அல்ல. கார்டின் வேறொரு வட்டத்திலிருந்து, வேறொரு நாளில், முதலிலிருந்து செய்து பார்க்க வேண்டும்.

அடுத்தது வரிசைகளை அடுக்கி ஒப்பிடுவது. இங்கே புதியவர்கள் தவறாமல் விழும் குழி ஒன்று இருக்கிறது. ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸில் 184-ஆவது கோடான் இயல்பில் ஏ-டி-ஜி. லாமிவுடின் என்ற எச்.ஐ.வி. மருந்தை எடுத்தும் வைரஸ் அடங்காதவர்களில் அது ஜி-டி-ஜி ஆகிவிடும். சங்கரன்கோவில்காரருக்கும் சாத்தான்குளத்துக்காரருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லாமலே இந்த எழுத்து ஒன்றாக இருக்கும், ஏனென்றால் இருவரும் சாப்பிட்டது ஒரே மாத்திரை. ஒரு கடினமான சொல்லைக் கண்டு, ஒருவரையொருவர் அறியாத இரண்டு ஏடெழுதிகள் ஒரே மாதிரித் தடுமாறியதற்கு ஒப்பு. ஆகவே மருந்து எதிர்ப்புக்குப் பெயர் போன கோடான்கள் எல்லாவற்றையும் வெட்டிவிட்டுத்தான் மரம் வரைய வேண்டும்.

பின்னணி மாதிரிகள் இல்லாமல் வரைந்த மரம் அதைவிட மோசம். இரண்டு திருநெல்வேலிக்காரர்களை டெல்லியில் கொண்டுபோய் நிறுத்தினால் பார்ப்பவர்களுக்கு அண்ணன் தம்பியாகத்தான் தெரிவார்கள். பேச்சும் ஒன்று, அல்வாவைப் பற்றிய கர்வமும் ஒன்று. நம்மூர் மாதிரி இரண்டையும், பின்னணிக்குத் தென் ஆப்பிரிக்க வரிசைகளையும் மட்டும் வைத்தால் அந்த இரண்டும் கட்டாயம் ஒட்டிக்கொள்ளும். தூத்துக்குடி, நாகர்கோவில், மதுரை என்று சுற்றுவட்டாரத்து மாதிரிகளை நிறையப் போட்ட பிறகும் ஒட்டி நின்றால்தான் பேச்சு. கிளையின் பூட்ஸ்ட்ராப் மதிப்பு (தரவைக் கலைத்துப் போட்டு நூறு தடவை வரைந்தால் அந்தக் கிளை எத்தனை தடவை திரும்ப வருகிறது என்ற எண்) 90-க்குக் கீழே என்றால் நாங்கள் வாய் திறக்க மாட்டோம்.

எவ்வளவு ஒற்றுமை இருந்தால் நெருக்கம்? பரவலாகப் புழங்கும் எல்லை 1.5 சதவீதம். 1,302 எழுத்தில் அது சுமார் 19 வித்தியாசம். இந்தத் துண்டில் வருஷத்துக்கு இரண்டு, இரண்டரை எழுத்து மாறும். இரண்டு பக்கமும் தனித்தனியாக மாறுவதால், 19 வித்தியாசம் என்றால் பொது மூதாதை நாலைந்து வருஷத்துக்கு முன்னால் இருந்திருக்கும். அண்மையில் வேகமாகப் பரவுகிறதா என்று பார்க்க 0.5 சதவீதம் வைப்பார்கள். அது ஆறு எழுத்து, ஒன்றரை வருஷம் மாதிரி. எல்லையை மாற்றினால் கூட்டத்தின் அளவும் மாறும். இந்த ஒரு விஷயத்தை மறைத்துப் போடப்படும் படங்கள் கொஞ்சமல்ல.

இதே கடிகாரக் கணக்கை நீட்டித்தான், 1959-லும் 1960-லும் காங்கோவின் கின்ஷாசாவில் எடுத்த மாதிரிகளை வைத்து, உலகம் முழுக்கப் பரவிய எச்.ஐ.வி. குழுவின் மூதாதை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மத்திய ஆப்பிரிக்காவில் இருந்தது என்று கண்டார்கள். இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1986-இல், சென்னையில்.

இனி அந்த முதல் கேள்விக்கு வருவோம். மரத்தில் 'அ'வும் 'ஆ'வும் பக்கத்துப் பக்கத்துக் கிளையில் நிற்கிறார்கள். 'அ'விடமிருந்து 'ஆ'வுக்கு வந்திருக்கலாம், திரும்பியும் இருக்கலாம். இரண்டு பேருக்கும் ஒரு மூன்றாம் ஆளிடமிருந்தும் வந்திருக்கலாம், நடுவில் இன்னும் நாலு பேர் இருந்திருக்கலாம். அந்த மூன்றாம் ஆள் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டு வைரல் லோடு அடங்கியிருந்தால் அவருடைய வைரஸ் பெருகாது, மரத்தில் இலையாகவே வர மாட்டார். புதுமுறைச் சோதனையில் ஒருவர் உடம்பில் உள்ள நூற்றுக்கணக்கான பாடங்களைப் பிரித்துப் படித்து, யார் பாடம் யாருடையதற்குள் அடங்குகிறது என்று பார்த்துத் திசையை ஊகிக்கலாம். பெரிய கூட்டத்தின் போக்கைச் சொல்ல அது உதவும். ஒரு புருஷன் பெண்டாட்டி விவகாரத்தில் அதைச் சாட்சிக்கு அழைக்கக் கூடாது.

மரம் உறுதியாகப் பேசுவது, "இல்லை" என்று சொல்லும்போதுதான். லிபியாவில் பெங்காசியின் குழந்தைகள் மருத்துவமனையில் 400-க்கு மேற்பட்ட குழந்தைகளுக்குத் தொற்று வந்து, 5 பல்கேரிய நர்சுகள் மீதும் ஒரு பாலஸ்தீன டாக்டர் மீதும் பழி விழுந்தது. அவர்கள் 1998 மார்ச்சில் வந்து சேரும் முன்பே அந்த வைரஸ் அங்கே சுற்றிக்கொண்டிருந்தது என்று 2006 டிசம்பரில் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. அதே மாதம் நீதிமன்றம் மறுபடி மரண தண்டனை விதித்தது. 2007 ஜூலையில்தான் வெளியே வந்தார்கள்.

அதனால் அறிக்கையில் வாசகம் முக்கியம். நெருங்கிய கிளையில் இருந்தால் "தொடர்பை மறுக்க இயலாது" என்றும், தள்ளியிருந்தால் "இந்த இருவருக்கிடையே அண்மைப் பரவலுக்கு ஆதாரமில்லை" என்றும் எழுதலாம். "இவரால் அவருக்கு" என்ற தொடர் எந்த அறிக்கையிலும் வரக் கூடாது. 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டப்படி, ஒப்புதலோ நீதிமன்ற ஆணையோ இல்லாமல் ஒருவருடைய நிலையை வெளியே சொல்லவும் கூடாது. பெயரை எடுத்துவிட்டோமே என்று சமாதானம் சொல்ல முடியாது. ஊர், வயது, தொழில் மூன்றும் படத்தில் இருந்தால் டீக்கடை பெஞ்சிலேயே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். இலைகளுக்கு எண் மட்டும் போதும், ஊருக்குப் பதில் மாவட்டம், தேதிக்குப் பதில் வருஷம். கடிகாரக் கணக்குக்கு வேண்டிய முழுத் தேதி, பூட்டிய கோப்பில் தனியே இருக்கட்டும். பயன்படாத வட்டங்கள் உள்ள கார்டையும் அறிக்கை போன கையோடு தூக்கிப் போடாமல் மைனஸ் 20-இல் வைத்திருங்கள். சந்தேகம் வந்தால் மறுபடி ஓட்டிப் பார்க்க அதுதான் இருக்கிறது.