படத்துக்குக் கீழே ஒரு வரி

பினாங்கில் ஏழு மணி தாண்டித்தான் விடியும். ஜார்ஜ்டவுனின் பழைய தெருக்களில் அதற்குள் பாதி வேலை முடிந்திருக்கும். கடைத்தெருவில் பூக்காரம்மா மல்லிகையைக் கட்டி முடித்துத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருப்பார். பிட் ஸ்ட்ரீட் குவான் யின் கோவில் வாசலில் ஊதுபத்திப் புகை தரையோடு தவழும். ரொட்டிக்காரர் மோட்டார் சைக்கிளின் பின்னால் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பியிருப்பார். அந்த ரொட்டிக்குப் பெயர் ‘ரொட்டி பெங்காலி’. வங்காளத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, தலைமுறைகளாகச் சுட்டு வருபவர்கள் தமிழ் முஸ்லிம்கள். ‘பங்காளி’ என்ற தமிழ்ச் சொல்தான் அப்படித் திரிந்துவிட்டது என்று இங்கே ஒரு கதை சொல்வார்கள்.

இந்தத் தெருக்களில்தான் கேமராவோடு இருபத்தைந்து வருடங்களுக்கு மேல் நடந்துகொண்டிருக்கிறேன். பெரும்பாலும் ஒரே ஒரு 35 எம்.எம். லென்ஸ். ஒன்பது மணிக்கு மேல் வெயில் கண்ணைக் குத்த ஆரம்பித்ததும் அஞ்சடிக்குள் ஒதுங்கிவிடுவேன். கடைவீடுகளின் முன்னால் ஐந்தடி அகலத்துக்கு விட்டிருக்கும் நடைபாதையை நாங்கள் அஞ்சடி என்போம். மேலே கூரை இருக்கிறது. தெருவில் விழும் வெயில் எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பிப் பக்கவாட்டிலிருந்து முகத்தில் படும். அந்த வெளிச்சத்தில் எந்த முகமும் அழகாக இருக்கும். முடிதிருத்துபவர், சாவி வெட்டுபவர், தையல்காரர், பேரப்பிள்ளைக்குச் சோறு ஊட்டும் பாட்டி என்று நான் எடுத்த நல்ல படங்களில் முக்கால்வாசி அஞ்சடியில் எடுத்தவைதான்.

ஆனால் இவ்வளவு காலத்தில் என்னை அதிகம் வாட்டியது படம் எடுப்பது இல்லை. எடுத்த படத்துக்குக் கீழே எழுத வேண்டிய அந்த ஒரு வரிதான். கேப்ஷன் என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம்.

மலேசியாவில் வளர்ந்த யாருக்கும் இது சட்டென்று புரியும். பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து எந்தப் பாரத்தை நிரப்பினாலும் ஒரு வரிசைக் கட்டங்கள் வரும்: மலாய், சீனர், இந்தியர், லாயின்-லாயின். கடைசிக் கட்டத்துக்கு ‘மற்றவர்’ என்று பொருள். அந்தக் கட்டங்களைப் பார்த்துப் பார்த்து நம் கண்ணும் அப்படியே பழகிவிடுகிறது. தெருவில் ஒரு மனிதரைப் பார்த்ததும் அவர் என்ன செய்கிறார் என்பதற்கு முன்னால் எந்தக் கட்டம் என்று மனம் குறித்துக்கொள்கிறது. என் மனமும் அப்படித்தான் குறித்தது.

1998, 99இல் நான் எடுத்த நெகட்டிவ்களை இன்னும் வைத்திருக்கிறேன். ஃபிலிம் காலம். இந்த ஊர் ஈரத்தில் லென்ஸும் நெகட்டிவும் பூஞ்சை பிடித்துவிடும் என்பதால், கையில் காசு இல்லாதபோதும் சிலிக்கா ஜெல் வாங்கிப் பெட்டியில் போட்டுவிடுவேன். நெகட்டிவ்களை அவ்வளவு பத்திரமாகப் பாதுகாத்தவன், உறைகளின் மேல் எழுதியது என்ன? ‘சீனக் கிழவர், ஜார்ஜ்டவுன்.’ ‘மலாய்ப் பெண், சந்தை.’ ‘இந்தியத் தொழிலாளி.’ தெருப்பெயர் இல்லை, வீட்டு எண் இல்லை, ஆள் பெயர் இல்லை.

அது என்ன காலம் என்று சொன்னால்தான் நான் செய்த தவறின் அளவு புரியும். போருக்கு முந்தைய கட்டடங்களின் வாடகையைக் கட்டுப்படுத்திய சட்டத்தை 1997இல் நீக்கினார்கள். இடைக்காலம் முடிந்து 2000 ஜனவரி முதல் வீட்டுக்காரர்கள் விருப்பம்போல வாடகையை உயர்த்தலாம் என்றானது. மிகக் குறைந்த வாடகையில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த குடும்பங்கள் பெட்டியைக் கட்டின. ஒரே கடைவீட்டின் மாடியில் மூன்று நான்கு குடும்பங்கள் இருந்த தெருக்கள் ஓசையில்லாமல் காலியாயின. கலையப் போகும் ஓர் ஊரைப் பதிவு செய்கிறோம் என்று தெரிந்தேதான் அலைந்தேன்.

பல வருடம் கழித்து ஒரு பெண் என்னைத் தேடி வந்தார். என் பழைய படம் ஒன்றில் இருக்கும் பெரியவர் தன் தாத்தாவாக இருக்குமோ என்று அவருக்குச் சந்தேகம். முகம் பாதிதான் தெரிகிறது. “எந்தத் தெரு என்று சொன்னால் போதும், உறுதி செய்துகொள்வேன்” என்றார். உறையை எடுத்துப் பார்த்தேன். ‘சீனக் கிழவர்’ என்றுதான் இருந்தது. பின்னாலிருந்த கதவு, சுவர் என்று எதை எதையோ வைத்து இருவரும் ஒரு மணி நேரம் முயன்றோம். ஒன்றும் பிடிபடவில்லை. அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். சீனர் என்பது அந்தப் பெண்ணுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டிய செய்தியா? அவருக்குத் தேவைப்பட்டதில் எதையும் நான் எழுதி வைக்கவில்லை.

இன்னொரு படம் இன்னும் வருத்தம் தருவது. கடலோரத்தில் மரக்கால்கள் நட்டு அதன் மேல் வீடு கட்டி வாழும் குலத்தார் துறைகள் இங்கே உண்டு. சியூ, லிம், டான், லீ என்று ஒவ்வொரு துறையும் ஒரு குலப்பெயரால் அறியப்படுவது. அவற்றில் கோய் குலத்தாரின் துறையில் ஒரு குடும்பத்தைப் படம் எடுத்து, ‘சீன மீனவக் குடும்பம்’ என்று எழுதி வைத்தேன். கோய் குலத்தார் சீனாவின் ஹுய் முஸ்லிம்களின் வழிவந்தவர்கள் என்பதும், முன்னோருக்குப் படைப்பதில் பன்றி இறைச்சியைத் தவிர்க்கும் வழக்கம் அவர்களிடம் இருந்தது என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அதற்குள் 2006இல் அந்தத் துறையையே இடித்துவிட்டார்கள். ‘சீனர்’ என்ற ஒற்றைச் சொல்லை எழுதிவிட்டதால், கேட்டிருக்க வேண்டிய எத்தனை கேள்விகளை நான் கேட்காமலே திரும்பியிருக்கிறேன்!

2008இல் யுனெஸ்கோ ஜார்ஜ்டவுனை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 2012இல் ஆர்மீனியன் ஸ்ட்ரீட் சுவரில் சைக்கிள் ஓட்டும் இரண்டு குழந்தைகளின் ஓவியம் வந்தது. அப்புறம் தெருவெல்லாம் கேமராதான். அஞ்சடியில் உட்கார்ந்து கீரை ஆயும் அம்மா நிமிர்ந்தால் எதிரே நாலு லென்ஸ். என்னைப் போன்றவர்களுக்கு முகம் கொடுப்பதே குறைந்துவிட்டது. அதில் நியாயம் இருந்தது. அந்த நாட்களில் எனக்குத் தெம்பு தந்தவை இஸ்மாயில் ஹாஷிமின் படங்கள். 2013இல் மறைந்த பினாங்குக் கலைஞர். கறுப்பு வெள்ளைப் படங்களுக்குக் கையால் வண்ணம் தீட்டியவர். திருவிழாவுக்குக் காத்திராமல், யாரும் திரும்பிப் பார்க்காத அன்றாடத்தை அவ்வளவு பொறுமையாக ஒருவர் பார்க்க முடியும் என்று காட்டியவர்.

ஒரு கண்காட்சியில் நடந்ததைச் சொல்ல வேண்டும். நாசி கண்டார் கடையில் குழம்பு ஊற்றும் பெரியவர் ஒருவரின் படத்தை அதற்குக் கொடுத்திருந்தேன். காவடிபோலத் தோளில் கழியைப் போட்டு, ஒரு பக்கம் சோறும் ஒரு பக்கம் கறியும் சுமந்து விற்றதால் வந்த பெயர் நாசி கண்டார். ‘கண்டார்’ என்பது அந்தக் கழிதான். இப்போது கழி போய்க் கடை வந்துவிட்டது. ஆனால் நாலைந்து குழம்பைக் கலந்து சோறு மிதக்க ஊற்றும் கை மட்டும் மாறவில்லை. ‘குவா பஞ்சிர்’ என்று கேட்டால் வெள்ளமாக ஊற்றுவார்கள். அந்தக் கையைத்தான் படம் எடுத்திருந்தேன்.

ஏற்பாட்டாளர்கள் என்னிடம் கேட்காமல் படத்துக்குக் கீழே ‘இந்திய முஸ்லிம் உணவு வியாபாரி’ என்று அச்சடித்துவிட்டார்கள். பெரியவர் மனைவி, மகள், பேரன் என்று குடும்பத்தோடு வந்திருந்தார், நல்ல பாத்திக் சட்டை போட்டுக்கொண்டு. படத்தைப் பார்த்துச் சிரித்தார். கீழே குனிந்து படித்தார். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்: “தம்பி, எல்லாம் போட்டிருக்கு. எம் பேரக் காணோமே?”

அவருடைய அப்பா கடையநல்லூரிலிருந்து கப்பலேறி வந்தவர். அம்மா இதே தீவில் பிறந்த மலாய்ப் பெண். மனைவியும் மலாய். என்னோடு தமிழ், வீட்டில் மலாய், சாப்பிட வருபவர்களிடம் ஹொக்கியன் என்ற சீன மொழி. கணக்குச் சொல்வதும் ஹொக்கியனில்தான். அரசியலமைப்பின் 160ஆம் பிரிவு மலாய்க்காரர் என்பதற்கு முக்கியமாகக் கேட்பவை மூன்று: இஸ்லாம், பழக்கத்தில் மலாய் மொழி, மலாய் வழக்கம். மூன்றும் அவரிடம் உண்டு. அவருடைய பிள்ளைகள் பாரத்தில் மலாய் என்றுதான் நிரப்புகிறார்கள். தாய்வழியைச் சொன்னாலும் தந்தைவழியைச் சொன்னாலும் அவருக்கு ஆட்சேபம் இல்லை. நாற்பது வருடம் ஒரே இடத்தில் நின்று வேலை செய்த மனிதருக்குப் பெயர் இல்லையே என்பதுதான் அவர் வருத்தம். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதிலிருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். படம் எடுத்ததும் போய்விடுவதில்லை. பிரிண்ட் போட்டுக்கொண்டு திரும்பப் போவேன். ஒன்று அவர்களுக்கு. இன்னொன்றின் பின்னால் அவர்கள் சொல்வதை எழுதிக்கொள்வேன். “இதுக்குக் கீழே என்ன எழுதட்டும்?” என்று மட்டும் கேட்பேன்.

கேட்க ஆரம்பித்ததும் வேலை மெதுவாகிவிட்டது. மாதத்துக்கு நாற்பது படம் சேர்ந்த இடத்தில் ஆறோ ஏழோதான் சேர்கின்றன. ஆனால் வந்த பதில்களை நான் எந்தக் காலத்திலும் யோசித்து எழுதியிருக்க முடியாது. சியூ துறையில் வலை பிரித்துக்கொண்டிருந்த அங்கிள், தன் பெயரையும் துறையின் பெயரையும் எழுதினால் போதும் என்றார். தைப்பூச ரதத்துக்கு முன்னால் தேங்காய் உடைத்த சீன அம்மா ஒருவரிடம் கேட்டேன். சீனர்கள் தேங்காய் உடைப்பதைப் பத்திரிகைகள் ஒவ்வொரு வருடமும் விரும்பிப் போடும். நானும் பிளாஸ்டிக் உறைக்குள் கேமராவைச் சுற்றிக்கொண்டு, லென்ஸில் தேங்காய்த் தண்ணீர் தெறிக்கத் தெறிக்க எடுத்திருக்கிறேன். ஓடுகளை அள்ள மண்வாரி இயந்திரம் வரும் அளவுக்கு உடைப்பார்கள். அந்த அம்மா சொன்னார்: “முகத்தைப் பார்த்தாலே சீனர் என்று தெரியுமே, அதை எதற்கு எழுத வேண்டும்? மகனுக்கு உடம்பு குணமானது என்று எழுது.” அப்படியே எழுதினேன்.

சரி, இனத்தை எழுதாமல் விட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று அப்போது நினைத்தேன். பூக்காரம்மா அதற்கும் இடம் கொடுக்கவில்லை. அவர் பெயரும் தெருவும் மட்டும் எழுதிய படத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, “தமிழ்னு ஏன் போடல?” என்றார். “இந்தத் தெருவுல எத்தனை கடை இருந்துச்சு, எத்தனை பேரு போயிட்டாங்க. நீயும் எழுதாம விட்டா, நாங்க இங்க இருந்தோம்னு யாருக்குத் தெரியும்?” அவர் சொல்வது முழு உண்மை. பெரியவரை அழித்த அதே சொல் இவரைக் காப்பாற்றுகிறது. அங்கேயே பேனாவை எடுத்து, அவர் முன்னால் எழுதினேன்.

ஆயர் ஈத்தாம் ஆற்றங்கரையில் சலவைத் தொழிலாளர்கள் வாழும் டோபி காட் இருக்கிறது. தமிழில் அந்த இடத்துக்கு வழங்கும் பெயரில் சாதிப்பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஊர்ப்பெயர்தானே, வரலாறுதானே என்று எழுத எனக்கு ஆசை இருந்தது. வெயிலில் வெள்ளைத் துணிகள் வரிசையாகக் காயும் அந்தப் படத்தில் நிற்கும் அண்ணன், “டோபி காட்னே போடுங்க” என்றார். அதற்கு மேல் நான் பேசவில்லை. காப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் விஷயம் வேறு. 1801இல் தொடங்கிய அந்தப் பள்ளிவாசல் பெயரில் இருக்கும் ‘கிளிங்’ என்ற சொல், இன்று ஒரு தமிழரைப் பார்த்துச் சொன்னால் வசை. நோன்பு மாதத்தில் அங்கே பெரிய அண்டாவில் காய்ச்சும் கஞ்சியை வாங்க எல்லா முகங்களும் வரிசையில் நிற்கும் படம் என்னிடம் இருக்கிறது. பள்ளிவாசலின் பெயரை மாற்ற நான் யார்? முழுப் பெயரையும் எழுதுகிறேன். ஒவ்வொரு முறை எழுதும்போதும் கை கொஞ்சம் நிற்கிறது.

இப்போது நகரத்தின் முகம் மறுபடி மாறிக்கொண்டிருக்கிறது. கட்டட வேலையில் பங்களாதேஷ்காரர்கள், காவல் வேலையில் நேப்பாளிகள், மீன் சந்தையில் மியன்மாரிலிருந்து வந்தவர்கள். பாரத்தில் கடைசிக் கட்டம்கூட அவர்களுக்கு இல்லை. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் மலேசியா கையெழுத்திடவில்லை, அதனால் மியன்மாரிலிருந்து அகதியாக வந்த ரொஹிங்யா ஒருவரின் பெயரையும் தெருவையும் நான் எழுதினால் அது அவருக்கே ஆபத்தாக முடியலாம். இத்தனை வருடம் கற்றுக்கொண்டதை அங்கே அப்படியே திருப்பிப் போட வேண்டியிருக்கிறது.

போன வருடம் அப்படி ஒருவர் தன் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தபோது ஒரு படம் எடுத்தேன். முகம் வேண்டாம் என்றார். கையும் குழந்தையின் முதுகும் மட்டும் வருகிற மாதிரி வெட்டி, பிரிண்ட் போட்டுக் கொண்டுபோனேன். என்ன எழுதட்டும் என்று கேட்டேன். எனக்குத் தெரிந்த மலாயும் அவருக்குத் தெரிந்த மலாயும்தான் நடுவில். ரொம்ப நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விரல்களை மடக்கி எண்ணிச் சொன்னார். படத்துக்குக் கீழே ‘எட்டு மாதம்’ என்று எழுதிக் கொடுத்தேன். சட்டைப்பையில் ஐ.நா. அகதி அட்டை வைத்திருந்த பிளாஸ்டிக் உறைக்குள், அட்டைக்குப் பின்னால் அதை மடித்து வைத்துக்கொண்டார்.