பிரிண்டர் ‘ஆஃப்லைன்’ என்றால் முதலில் போர்ட்டைப் பாருங்கள்

“அண்ணே, காலையில நல்லா அடிச்சிச்சி. மழைக்கு அப்புறம் ஆஃப்லைன்னு காட்டுது.”

சிலாங்கூரின் பெஸ்தாரி ஜெயாவில் பிரிண்டர் பற்றி வரும் புகார் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது. இங்கே வீட்டுக்கு வீடு பிரிண்டர் கிடையாது. கடைவீட்டில் ஒன்று, கோவில் அலுவலகத்தில் ஒன்று, ஆசிரியர் ஒருவர் வீட்டில் ஒன்று இருக்கும். இபிஎஃப் சேமநிதி அறிக்கை வேண்டியவர், சொக்சோ காப்புறுதிப் பாரம் அடிக்க வந்தவர், பிள்ளையின் பள்ளிக் கடிதத்துக்காக வந்தவர் எல்லோரும் அந்த ஒன்றை நம்பித்தான் வருகிறார்கள். அதனால் அது நின்றதும் பதற்றத்தில் டிரைவரை, அதாவது பிரிண்டரை இயக்கக் கணினியில் இருக்கும் மென்பொருளை, அழித்துவிட்டு மறுபடி ஏற்றத் தொடங்கிவிடுகிறார்கள். அதைத்தான் முதலில் செய்யவே கூடாது. காலையில் அடித்த பிரிண்டருக்கு மாலைக்குள் டிரைவர் கெட்டுப்போவது அரிது. இடையில் நடந்தது ஒன்றே ஒன்று: கரண்டு போய் வந்தது.

கரண்டு வந்ததும் ரௌட்டர் புதிதாக எழுகிறது. பல வீட்டு ரௌட்டர்கள் எந்தச் சாதனத்துக்கு எந்த ஐபி எண்ணை, அதாவது நெட்வர்க் முகவரியை, கொடுத்தோம் என்பதை அணைந்தவுடன் மறந்துவிடும். முதலில் எழுந்த கைப்பேசிக்கு பிரிண்டரின் பழைய எண் போய்விடும். பிரிண்டருக்கு வேறு எண் கிடைக்கும். கணினிக்கு இது தெரியாது. தோட்டத்து லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டு தாமான் குடியிருப்புக்குக் குடிபோனவருக்குப் பழைய முகவரியிலேயே கடிதம் போட்டுக்கொண்டிருப்பது போலத்தான். கடிதம் போடுபவர் மேலும் தப்பில்லை, குடிபோனவர் மேலும் தப்பில்லை.

ஆகவே முதல் வேலை, பிரிண்டர் இப்போது எந்த எண்ணில் இருக்கிறது என்று பார்ப்பது. திரை உள்ள பிரிண்டரில் நெட்வர்க் மெனுவில் இருக்கும். திரை இல்லாததில் தகவல் பொத்தானையோ வைஃபை பொத்தானையோ அழுத்தினால் ஒரு தாள் அச்சாகி வரும். எதை, எத்தனை வினாடி என்பது மாடலுக்கு மாடல் மாறும் என்பதால் கையேட்டைப் பாருங்கள். அந்தத் தாளில் 192.168.1.15 என்பது போல ஓர் எண் இருக்கும். அந்தத் தாள் வந்துவிட்டாலே பிரிண்டரின் தலையும் மையும் தாள் இழுக்கும் உருளையும் நன்றாக இருக்கின்றன என்பதும் உறுதியாகிவிடும். எண் 169.254 என்று தொடங்கினால் மட்டும் கணினிப் பக்கம் போகவே வேண்டாம்: பிரிண்டருக்கு ரௌட்டரிடமிருந்து எண்ணே வரவில்லை என்று அர்த்தம். ரௌட்டரை அணைத்து எழுப்பி, பிறகு பிரிண்டரை எழுப்புங்கள்.

சரியான எண் கிடைத்தால் அதைக் கணினியின் பிரௌசரில், இணையதள முகவரி தட்டும் இடத்தில் தட்டுங்கள். பிரிண்டரின் சொந்தப் பக்கம் திறந்தால் இருவருக்கும் இடையே வழி இருக்கிறது. சில மாடல்களில் அந்தப் பக்கம் கிடையாது; அப்போது கமாண்ட் பிராம்ப்ட்டில், அதாவது கட்டளை தட்டும் திரையில், ‘ping’ என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு அந்த எண்ணைக் கொடுத்துப் பாருங்கள். இங்கே ஓர் இடறல் உண்டு. ‘ரிப்ளை ஃப்ரம்’ என்று தொடங்கும் வரியைப் பார்த்ததும் பிரிண்டர் பதில் சொல்லிவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள். வரியின் கடைசிவரை படியுங்கள். ‘டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்’ என்று முடிந்தால் அது உங்கள் கணினியே தனக்குச் சொல்லிக்கொண்ட பதில். பிரிண்டர் வாயே திறக்கவில்லை.

வழி இருந்தும் அச்சு வரவில்லை என்றால் போர்ட்டை, அதாவது கணினி அச்சு வேலையை எங்கே அனுப்புகிறது என்ற குறிப்பை, திருத்த வேண்டும். விண்டோஸ் செட்டிங்ஸில் பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ் போய், உங்கள் பிரிண்டரைத் தேர்ந்து, ‘பிரிண்டர் பிராபர்ட்டீஸ்’ திறங்கள். ‘பிரிண்டிங் பிரிஃபரன்சஸ்’ என்று பக்கத்திலேயே இன்னொன்று இருக்கும். அது தாள் அளவுக்கானது. பிராபர்ட்டீஸில் ‘போர்ட்ஸ்’ என்ற பக்கத்தில் டிக் விழுந்திருக்கும் வரியைப் பாருங்கள். பழைய எண் இருந்தால் ‘ஆட் போர்ட்’, ‘ஸ்டாண்டர்ட் டிசிபி ஐபி போர்ட்’, ‘நியூ போர்ட்’ என்று போய்ப் புதிய எண்ணைக் கொடுங்கள். டபிள்யூஎஸ்டி என்று தொடங்கும் போர்ட்டாக இருந்தாலும் இதையே செய்யச் சொல்வேன். அது விண்டோஸ் தானாகத் தேடிப் பிடித்துவைக்கும் வழி; பிடித்திருக்கும்வரை சுகம், விட்டால் திரும்பப் பிடிக்க அடம்பிடிக்கும். எண்ணைக் கொடுத்து அமைக்கும் போர்ட்டே நிலையானது.

அதே இடத்தில் ‘கன்ஃபிகர் போர்ட்’ அழுத்தினால் கீழே ‘எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ் எனேபிள்ட்’ என்று ஒரு கட்டம் இருக்கும். பிரிண்டர் உயிரோடு இருக்கிறதா என்று விண்டோஸ் அந்த வழியாகக் கேட்கும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாத பிரிண்டர் நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் ஆஃப்லைன் என்றே காட்டும். எண் சரி, பிங் சரி, ஆனாலும் ஆஃப்லைன் என்றால் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள்.

இத்தனையும் செய்துவிட்டு அடுத்த மழைக்கு மறுபடி இதே பாடு பட வேண்டாம் என்றால், ரௌட்டரின் அமைப்புப் பக்கத்தில் பிரிண்டருக்கென்று ஓர் எண்ணை ஒதுக்கிவிடுங்கள். டிஹெச்சிபி ரிசர்வேஷன் என்று அதற்குப் பெயர். அதற்குக் கேட்கும் மேக் அட்ரஸ், அதாவது பிரிண்டரின் சொந்த அடையாள எண், அந்த அச்சுத் தாளிலேயே இருக்கும். ஒதுக்கிய எண்ணை ஒரு டேப்பில் எழுதிப் பிரிண்டரின் பின்பக்கம் ஒட்டிவையுங்கள்.

யுஎஸ்பி கேபிளில் ஓடும் பிரிண்டருக்கும் இதே முகவரிக் குழப்பம் உண்டு என்பது பலருக்கும் தெரிவதில்லை. மேசையைத் துடைக்கும்போது கேபிளைக் கழற்றி வேறு துளையில் செருகினால், விண்டோஸ் சில நேரம் அதைப் புதுப் பிரிண்டர் என்று எண்ணி, அதே பெயரோடு ‘காப்பி 1’ சேர்த்து இன்னொன்றை உண்டாக்கிவிடும். பழையது யுஎஸ்பி001 போர்ட்டில் செத்துக் கிடக்கும். புதியது யுஎஸ்பி002இல் காத்திருக்கும். நீங்கள் அனுப்புவதெல்லாம் பழையதற்குப் போகும். பழைய துளைக்கே கேபிளை மாற்றுங்கள், அல்லது பழையதின் போர்ட்ஸ் பக்கத்தில் யுஎஸ்பி002க்கு டிக் போடுங்கள். ‘லெட் விண்டோஸ் மேனேஜ் மை டிஃபால்ட் பிரிண்டர்’ என்பதையும் அணைத்துவிடுங்கள். அது இருக்கும்வரை கடைசியாக எதில் அடித்தீர்களோ அதுவே முதன்மைப் பிரிண்டராகிவிடும்.

கேபிளைப் பொறுத்தவரை 5 மீட்டர்தான் எல்லை, 1.5 அல்லது 1.8 மீட்டர் போதும். மேசைக் கணினியில் பின்பக்கத் துளையில் நேராகச் செருகுங்கள், ஹப் வேண்டாம். பிரிண்டரின் சதுர யுஎஸ்பி துளையை டார்ச் அடித்து ஒரு முறை பாருங்கள். நம் ஊர் ஈரத்தில் உள்ளே இருக்கும் நான்கு தகடுகளும் பச்சை பூத்துவிடும்; எறும்பும் குடியேறும். பிளக்கைக் கழற்றிவிட்டு, காய்ந்த சிறு தூரிகையால் துடையுங்கள். ஊதாதீர்கள், வாயின் ஈரம் உள்ளே போகும்.

புதிதாக வாங்கிய பிரிண்டர் வைஃபையில் சேரவில்லை என்றால், அதில் வைஃபை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எப்சன் எல்3210க்கும் எல்3250க்கும் உருவம் ஒன்றுதான். முன்னதில் வைஃபை கிடையாது. கேனன் ஜி2010, ஜி3010 கதையும் அதே. விலை குறைவென்று முன்னதை வாங்கிவந்து இல்லாத பொத்தானைத் தேடி அரைநாள் போக்குபவர்கள் உண்டு. வைஃபை உள்ளதாக இருந்தால், வீட்டுப் பிரிண்டர்களில் பலவும் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே கேட்கும். 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் அவற்றின் பட்டியலிலேயே வராது. ரௌட்டர் இரண்டையும் ஒரே பெயரில் கொடுத்தால் சேர்க்கும் நேரத்துக்கு மட்டும் பிரித்துவையுங்கள். சேர்ந்த பிறகு கணினி 5இல் இருந்தாலும் கெடுதல் இல்லை, ரௌட்டர் ஒன்றே என்பதால் பேசிக்கொள்ளும். பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருந்தால் பழைய பிரிண்டர் உள்ளே வர முடியாது. டபிள்யூபிஏ2வும் சேர்ந்த கலப்பு முறைக்கு மாற்றுங்கள். விருந்தினர் வைஃபையில் பிரிண்டரைப் போடாதீர்கள், அங்கே ஒரு சாதனம் இன்னொன்றைப் பார்க்காதபடி அடைத்திருப்பார்கள். கடவுச்சொல் தட்டாமல் சேர்க்கும் டபிள்யூபிஎஸ் பொத்தானை ரௌட்டரில் அழுத்தினால் 2 நிமிடத்துக்குள் பிரிண்டரின் பொத்தானையும் அழுத்திவிட வேண்டும். ரௌட்டர் கடையின் முன்னறையிலும் பிரிண்டர் பின்கட்டிலும் இருந்தால் வேறு ஆளை நிறுத்திக்கொள்ளுங்கள். கணினியில் விபிஎன் ஓடிக்கொண்டிருந்தால் அதை நிறுத்திப் பாருங்கள்.

ஒரு தாள் சிக்கி, பின்னால் வந்ததெல்லாம் வரிசையில் தேங்கி, ‘டெலீட்டிங்’ என்றே நின்றுவிடுவது தனி நோய். விண்டோஸில் சர்வீசஸ் திறந்து, அச்சு வரிசையைக் கவனிக்கும் ‘பிரிண்ட் ஸ்பூலர்’ மேல் வலது சொடுக்கி ‘ஸ்டாப்’ கொடுங்கள். சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, ஸ்பூல், பிரிண்டர்ஸ் என்று உள்ளே போய், அங்கே இருக்கும் கோப்புகளை மட்டும் அழியுங்கள். பிரிண்டர்ஸ் என்ற அந்த ஃபோல்டரை அழித்துவிடாதீர்கள். திரும்பி வந்து ‘ஸ்டார்ட்’.

விண்டோஸ் 11க்கு மாறிய பின் பழைய பிரிண்டர் காணாமல் போனால் ‘விண்டோஸ் புரொடெக்டட் பிரிண்ட் மோட்’ இயங்குகிறதா என்று பாருங்கள். 24ஹெச்2 பதிப்பில் வந்தது. அது இயங்கினால் தயாரிப்பாளரின் பழைய டிரைவர்கள் எதுவும் செல்லாது. இரண்டு கணினிக்கு ஒரு பிரிண்டரைப் பகிர்ந்து, 11பி என்று முடியும் பிழை எண் வந்தால் அதன் வேர் 2021 செப்டம்பரில் வந்த பாதுகாப்பு மாற்றத்தில் இருக்கிறது. விண்டோஸின் உள்ளமைப்புப் பட்டியலான ரெஜிஸ்ட்ரியில் அந்தப் பாதுகாப்பைத் தளர்த்தச் சொல்லும் காணொளிகள் நிறைய உண்டு. நான் சொல்ல மாட்டேன். இரண்டு கணினியிலும் முதலில் அப்டேட்டை முடியுங்கள். பிரிண்டரில் வைஃபையோ லேன் துளையோ இருந்தால் பகிர்வதை விட்டு, மேலே சொன்ன போர்ட் வழியில் ஒவ்வொரு கணினியையும் நேராகப் பிரிண்டரோடு இணைப்பதே நல்லது.

இடி இடிக்கும்போது சுவர் சுவிட்சை மட்டும் தட்டி அணைப்பது மைப் பிரிண்டருக்குக் கெடுதல்: தலை மூடப்படாமல் நடுவில் நின்று மை காயும். பிரிண்டரின் சொந்தப் பொத்தானை அழுத்தி, தலை ஓரத்தில் போய் ஒதுங்கி விளக்கு அணையும்வரை பொறுத்து, பிறகு மூன்று முள் பிளக்கைப் பிடுங்குங்கள். லேன் கேபிள் போட்டிருந்தால் அதையும் கழற்றுங்கள், மின்னல் அந்த வழியாகவும் வரும். மழை விட்டதும் முதலில் ரௌட்டர். அதன் விளக்குகள் நிலைக்க 2, 3 நிமிடம் கொடுங்கள். அடுத்து பிரிண்டர். கணினி கடைசியில்.