தனியாளாக வண்டியை பேடாக் ஸ்டாண்டில் ஏற்றி இறக்குவது

ஒருவர் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொள்ள வேண்டும், இன்னொருவர் பின்னால் நின்று ஸ்டாண்டை அமுக்க வேண்டும். பைக்கின் பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தும், குட்டிச் சக்கரங்களும் நீளக் கைப்பிடியும் கொண்ட தாங்கிதான் பேடாக் ஸ்டாண்ட். அதை எப்படிப் பயன்படுத்துவது என்று யாரிடம் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள், சரியான பேச்சுதான். ஆனால் செயினில் சேறு காய்ந்து கிடக்கும் ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த இன்னொருவர் தூங்கிக்கொண்டிருப்பார், இல்லையென்றால் "இரு, வரேன்" என்று சொல்லிவிட்டு ஒரு மணி நேரம் கழித்து வருவார். அதனால் நான் பல வருடங்களாகத் தனியாகத்தான் ஏற்றுகிறேன். ஒரே ஒரு தடவை வண்டியைக் கீழே போட்டிருக்கிறேன். அதுவும் ஏற்றும்போது இல்லை, இறக்கும்போது.

செயினைத் துடைக்கும்போது சைடு ஸ்டாண்ட் கைக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று மடக்கி வைத்திருந்தேன். வேலை முடிந்தது, பின்னால் போய் ஸ்டாண்டின் கைப்பிடியைத் தூக்கினேன், டயர் தரையைத் தொட்டது, பழக்க தோஷத்தில் வண்டியை இடது பக்கம் சாய்த்தேன். சாய்ந்தது. சாய்ந்துகொண்டே போனது. பாதியில் புரிந்துவிட்டது, ஆனால் அந்தக் கோணத்துக்குப் போன வண்டியை ஒற்றை ஆளாக நிறுத்த முடியாது, விட்டுவிட்டு விலகியதுதான் நான் அன்றைக்குச் செய்த ஒரே புத்திசாலித்தனம். கிளட்ச் லீவரும் இடது கண்ணாடியும் போயின. இப்போதெல்லாம் சைடு ஸ்டாண்டை மடக்கினால் அழுக்குத் துணியை எடுத்து பேடாக் ஸ்டாண்டின் கைப்பிடியில் கட்டிவிடுவேன். இறக்கப் போகும்போது கையில் முதலில் படுவது அந்தத் துணிதான்.

ஏற்றுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை. தரை சமமாக, கெட்டியாக இருக்க வேண்டும், சாய்வான தரையில் தனியாக முயற்சிக்கவே வேண்டாம். அப்புறம் ஸ்டாண்டின் சக்கரங்கள் ஓடும் இடத்தைப் பெருக்கிவிடுங்கள். ஸ்டாண்டை அமுக்கும்போது வண்டி மேலே போகிறது என்பது மட்டும்தான் நம் கண்ணுக்குத் தெரியும், ஆனால் ஸ்டாண்டும் கூடவே ஒரு சாண் அளவுக்கு முன்னோக்கி உருள்கிறது. அந்தக் குட்டிச் சக்கரத்துக்கு ஒரு சின்னக் கல் போதும். அது மாட்டிக்கொண்டால் ஸ்டாண்ட் உருளாமல் வண்டியைப் பின்னால் இழுக்கும். அதனால்தான் முதல் கியரில் போட்டு, முன் பிரேக் லீவரையும் ஒரு பட்டையால் ஹேண்டிலோடு சேர்த்துக் கட்டிவிடுகிறேன். செருப்போடு இந்த வேலை ஆகாது, ஷூ போட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்டாண்டின் முனையில் இரண்டு வகை உண்டு. ஒன்று ஸ்விங் ஆர்முக்கு (பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் சட்டம்) அடியில் போய்த் தாங்கும் ரப்பர் பட்டை வைத்தது. இன்னொன்று ஸ்விங் ஆர்மின் இரு பக்கமும் திருகிய ஸ்பூலை, அதாவது சின்ன உருளையை, கவ்விப் பிடிக்கும் கொக்கி. உங்கள் வண்டியில் ஸ்பூல் மாட்டத் துளை இருந்தால் யோசிக்காமல் கொக்கி வகைக்குப் போங்கள், தனியாளுக்கு அதுதான் நம்பிக்கையானது. ஸ்பூல் போல்ட் எம் 6, எம் 8, எம் 10 என்று வண்டிக்கு வண்டி மாறும், மேனுவலைப் பார்த்து வாங்குங்கள். ரப்பர் வகைதான் இருக்கிறது என்றால் ஸ்விங் ஆர்மின் அடிப்பக்கத்தை நன்றாகத் துடைத்துவிட்டு ஏற்றுங்கள், செயின் எண்ணெய் அங்கேதான் தெறித்துக் கிடக்கும், ரப்பர் வழுக்கும்.

தனியாளுக்குப் பெரிய உதவி ஒரு மரத்துண்டு. ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் கனமுள்ள பலகையை சைடு ஸ்டாண்டின் பாதத்துக்கு அடியில் வைத்தால் வண்டி கொஞ்சம் நிமிர்ந்து நிற்கும், அதற்குமேல் நேராக்க ஒரு கை போதும். ரொம்பத் தடிமனாக வைத்துவிடாதீர்கள், லேசாக இடித்தாலே வலது பக்கம் கவிழ்ந்துவிடும். வலது பக்கம் விழுந்தால் இடது பக்கம் நிற்கிற நம்மால் ஒன்றும் செய்ய முடியாது, ஆகவே புதிதாகப் பழகுகிறவர்கள் வண்டியின் வலது பக்கம் சுவரை ஒட்டி வருமாறு நிறுத்திக்கொள்ளலாம். நிமிர்த்தினால் ஹேண்டில் முனைக்கும் சுவருக்கும் ஒரு சாண் இடைவெளி, நடுவில் ஒரு பழைய போர்வை. போனால் சுவரில் சாயும், அவ்வளவுதான்.

இப்போது ஏற்றுவது. வண்டியின் இடது பக்கம், வால் பகுதிக்கு நேராக, வண்டியைப் பார்த்து நிற்கிறேன். இடது கை கிராப் ரெயிலில் (சீட்டுக்குப் பின்னால் இருக்கும் பிடிகம்பி), வலது கை ஸ்டாண்டின் கைப்பிடியில். கிராப் ரெயிலை விரல் சுற்றிப் பிடிக்க வேண்டும், உள்ளங்கையால் சும்மா தள்ளினால் வண்டி அந்தப் பக்கம் போகும்போது இழுத்துப் பிடிக்க வழியில்லை. வண்டி இடது பக்கம் சாய்ந்திருப்பதால் இடது ஸ்பூல் தாழ்ந்தும் வலது ஸ்பூல் உயர்ந்தும் இருக்கும். முதலில் இடது கொக்கியை அதன் ஸ்பூலில் சேர்த்துவிட்டு, வண்டியை மெதுவாக நிமிர்த்திக்கொண்டே வந்தால் வலது ஸ்பூல் தானாக இறங்கி மற்ற கொக்கியில் உட்காரும். உட்கார்ந்ததும் கைப்பிடியை லேசாகக் கீழே அமுக்கி அப்படியே நிறுத்துங்கள். வண்டியை ஒரு விரல்கூடத் தூக்க வேண்டாம், கொக்கிகள் இறுக்கிப் பிடிக்கிற அளவு போதும். இந்த நிலையில் குனிந்து வலது பக்கத்தைப் பாருங்கள். கைப்பிடி கோணலாக நின்றால் ஒரு பக்கம் உட்காரவில்லை என்று அர்த்தம், அமுக்காதீர்கள், திரும்ப சைடு ஸ்டாண்டுக்கே சாய்த்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பியுங்கள். எனக்கு இன்றைக்கும் மூன்றில் ஒரு தடவை இப்படித்தான் ஆகிறது, வெட்கப்பட ஒன்றுமில்லை.

இரண்டும் உட்கார்ந்துவிட்டால் அப்புறம் சுலபம். கிராப் ரெயிலை விடாமல் உடம்பின் எடையைக் கைப்பிடி மேல் போட்டு, தரை தொடும்வரை ஒரே சீராக அமுக்குங்கள். எகிறி மிதிக்கிற வித்தையெல்லாம் வேண்டாம்.

மேலே நிற்கும்போது என்ன செய்யக்கூடாது என்பது சின்ன விஷயமில்லை. எஞ்சினை ஓட்டிக் கியரில் போட்டு, சுற்றுகிற செயினைத் துணியால் பிடித்துத் துடைக்கிற வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். துணியைச் செயின் இழுக்கும், துணியோடு விரலும் ஸ்ப்ராக்கெட்டுக்குள் (செயின் ஓடும் பல்சக்கரம்) போகும், விரலை நசுக்க அதற்கு ஒரு நொடிகூட வேண்டாம். நியூட்ரலில் போட்டு, எஞ்சினை அணைத்து, சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். பின் ஆக்சில் நட் மாதிரி இறுக்கமானவற்றை வண்டி தரையில் இருக்கும்போதே தளர்த்திவிட்டு அப்புறம் ஏற்றுங்கள். பெரிய வண்டிகளில் அது 100 நியூட்டன் மீட்டர் அளவுக்கு முறுக்கப்பட்டிருக்கும், நீளமான ஸ்பேனரில் தொங்கினால் வண்டி ஸ்டாண்டிலிருந்து நகர்ந்துவிடும். ஏறி உட்காரவும் வேண்டாம்.

இறக்கும்போது முதலில் சைடு ஸ்டாண்ட் விரிந்திருக்கிறதா என்று காலால் தட்டிப் பாருங்கள், பலகை அடியில் இருக்கிறதா, கியரில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இடது கை அதே கிராப் ரெயிலில். கைப்பிடியைத் தூக்க ஆரம்பித்ததும் முதலில் கனக்கும், ஒரு இடத்தைத் தாண்டியதும் வண்டியின் எடையே அதை மேலே எகிறவைக்கும். முகவாய் நேர் மேலே இருந்தால் அடி நிச்சயம். டயர் தரையில் பட்டதும் ஸ்டாண்டை உருவிவிடாமல், கொக்கிகள் ஸ்பூலில் இருக்கும்போதே வண்டியை இடது பக்கம் சாய்த்து, சைடு ஸ்டாண்ட் எடையை வாங்கிய பிறகுதான் எடுக்க வேண்டும்.

முன்சக்கரத்துக்கும் தனி ஸ்டாண்ட் உண்டு. பின்பக்கம் ஏறி நிற்காமல் முன்பக்கத்தைத் தொடக்கூடாது, இறக்கும்போது முன்பக்கம் முதலில். ஃபோர்க்கின் (முன்சக்கரத்தை இரு பக்கமும் பிடித்திருக்கும் குழாய்கள்) அடியில் தாங்கும் வகை சக்கரம் கழற்ற மட்டும் உதவும், ஃபோர்க்கையே கழற்றுவதென்றால் ஸ்டியரிங் தண்டின் அடித் துளையில் ஒரு முளையைச் செருகித் தூக்கும் வகைதான் வேண்டும். அந்த வேலைக்கு மட்டும் நான் இன்னும் "இரு, வரேன்" என்று சொன்னவருக்காகக் காத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.