வெளி வீதிப் பக்கம் பில்லர் குழி எடுக்கும்போது

மதுரையில் பழைய வீட்டை இடித்துக் கட்டும் இடத்தில் தொல்பொருள் கண்காணிப்புக்கு, அதாவது தோண்டும்போது பழம்பொருள் வருகிறதா என்று பார்க்க நிற்பவர்கள், முதலில் தோண்டும் ஆட்களின் கூலியைப் பேசிவிட வேண்டும். குழிக்கு இவ்வளவு என்று காண்ட்ராக்ட் விட்டால், நிறுத்தச் சொல்லும் ஒவ்வொரு நிமிடமும் ஆட்களுக்கு நட்டம். நாள் சம்பளத்துக்கு மாற்றிய பிறகே எங்கள் பேச்சைக் கேட்டு மண்வெட்டி நின்றது.

சந்துக்குள் ஜேசிபி வராது, கைவேலைதான். வரும் இடத்தில் பல் இல்லாத பக்கெட்டை மாட்டச் சொல்லுங்கள். பல் மண்ணைக் கீறிக் கலக்கிவிடும். தட்டை விளிம்பு வழித்தெடுப்பதால் அடியில் நிறம் மாறுவது தெரியும். ஒரு தடவைக்கு அரையடிக்கு மேல் இறங்கக் கூடாது.

ஐந்தடிக்கு ஐந்தடி குழியில் தரையைப் பார்த்து அதிகம் புரியாது. பக்கச் சுவர்களைத்தான் படிக்க வேண்டும். கரணையால் செதுக்கி, லேசாகத் தண்ணீர் தெளித்தால் அடுக்குகள் பிரியும். நேர்வெயிலில் எல்லாம் ஒரே நிறமாகத் தெரியும், தார்ப்பாயைப் பிடித்து நிழலில் படம் எடுங்கள். அளவுகோல், வடக்குக் குறி, குழி எண் மூன்றும் படத்தில் இருக்க வேண்டும். ஆழத்தைத் தரையிலிருந்து அளக்காதீர்கள், தரை நாளுக்கு நாள் மாறும். அசையாத ஒரு வாசற்படிக் கல்லை வைத்து டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய குழாயால் மட்டம்) பிடியுங்கள்.

வெளி வீதிகள் பழைய கோட்டை மதிலும் அகழியும் இருந்த வரிசையில் ஓடுகின்றன. 19ஆம் நூற்றாண்டில், கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில், மதிலை இடித்து அகழியைத் தூர்த்தார்கள். அந்த வேலையில் நின்றவர்கள் பெயரில்தான் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் இருக்கின்றன. ஆகவே இங்கே மேலே செங்கல், சுண்ணாம்புக் காரை இடிபாடும், கீழே ஒட்டும் கறுப்பு வண்டலும் வந்தால் அகழியைச் சந்தேகியுங்கள். தூர்த்த மண்ணில் கருப்பு சிவப்புப் பானை ஓடு கிடைத்தவுடன் கீழடிக் காலம் என்று எழுதிவிடக் கூடாது. அதே அடுக்கில் பீங்கான் துண்டு இருந்தால், அடுக்கு பீங்கானை விடப் பழையதல்ல.

தூர்த்த மண் சரியும். அடுத்தடுத்த குழிகளை ஒரே நேரத்தில் திறக்காதீர்கள், அண்டை வீட்டுச் சுவரும் அதே மண்ணில்தான் உட்கார்ந்திருக்கும். எடுத்த மண்ணை விளிம்பிலிருந்து மூன்றடி தள்ளிக் கொட்டுங்கள், ஆள் உயரம் இறங்குமுன் பலகை முட்டுக் கொடுங்கள்.

அடுக்குக்கு ஒரு பை. சீட்டைப் பென்சிலில் எழுதி உள்ளே ஒன்று, வெளியே ஒன்று போடுங்கள், பேனா மை ஈரத்தில் கரைந்துவிடும். ஓடுகளைக் கழுவலாம். இரும்பையும் காசையும் கழுவவே கூடாது, காசைப் புளி போட்டுத் தேய்த்தால் எழுத்தும் சேர்ந்து போய்விடும். மண்ணில் புதைந்து கிடைத்த பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால், 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கொடுத்த கடிதத்துக்கு ஒப்புதல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

குழிக்குள் பழைய கட்டுமானச் சுவர் வந்தால் கடப்பாரை போடுமுன் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். பில்லரைத் தள்ளி வைத்து, அதன் அடித்தளத்தையும் பக்கத்துப் பில்லரின் அடித்தளத்தையும் ஒரே பீமில் கட்ட முடியுமா என்று கேளுங்கள், பல இடங்களில் முடியும். சுவரை அளந்து, வரைந்து, துணி விரித்து, மேலே ஒரு சாண் மணல் போட்ட பிறகே கான்கிரீட் விழ வேண்டும்.