பட்டாளத்து வீட்டுக் குழந்தைக்குத் தெரபி: முதல் நாளிலிருந்து அடுத்த போஸ்டிங் வரை

குமரி மாவட்டத்தில் பட்டாளத்துக் குடும்பங்களின் சின்னக் குழந்தைகளைப் பேச்சு, வளர்ச்சித் தெரபிக்கு எடுக்கும்போது முதல் நாளே இரண்டு வாக்கியம் காதில் விழும். "அப்பா ஊர்ல இல்ல, அதான் பிள்ள பேச மாட்டேங்கு." அடுத்தது, "அவனுக்க அப்பாவும் மூணு வயசுலதான் பேசினான்." சொல்வது பெரும்பாலும் ஆச்சி. அன்பினால்தான் சொல்கிறார். ஆனால் இந்த இரண்டு வாக்கியங்களும் சேர்ந்து ஒரு குழந்தையின் ஆறு மாதத்தையோ ஒரு வருடத்தையோ தின்றுவிடும். மூளை வேகமாக வளரும் முதல் மூன்று வருடத்தில் ஒரு வருடம் என்பது பெரிய இழப்பு.

அப்பா இல்லாதது குழந்தையைப் பாதிக்கும், மறுக்க முடியாது. தூக்கம் கெடும், அம்மாவை விட்டு இறங்காது, நின்றுபோன படுக்கை நனைத்தல் திரும்ப வரும். ஆனால் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதது, ஒன்றரை வயதாகியும் விரல் நீட்டிக் காட்டாதது, முகம் பார்க்காதது இவையெல்லாம் அப்பா ஊரில் இல்லாததால் வருவதில்லை. பேசிக்கொண்டிருந்த வார்த்தைகளை ஒரு குழந்தை இழந்தால், எந்த வயதானாலும், அப்பா ரயிலேறிய அதே வாரத்தில் நடந்திருந்தாலும், காத்திருக்கக் கூடாது. முதலில் பரிசோதனை, அப்புறம்தான் காரணம் தேடுவது. இந்த வரிசையை மாற்றாமல் இருப்பதுதான் இந்த வேலையில் பாதி.

பரிசோதனைக்கு முன் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும்: யார், எந்தப் படையில், இப்போது பணியில் இருக்கிறாரா, பென்ஷனா? ஊரில் எல்லாவற்றுக்கும் 'மிலிட்டரி' என்றுதான் பேர். சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப். குடும்பங்களும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் அவர்களுக்கான மருத்துவ வழி வேறு. ராணுவம், கடற்படை, விமானப்படையில் பணியில் இருப்பவரின் குழந்தைக்கு ராணுவ மருத்துவமனை. நமக்கு அருகில் இருப்பது திருவனந்தபுரம் பாங்கோட்டில். ஓய்வு பெற்றவரின் குழந்தைக்கு முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ்.; அதற்கு நாகர்கோவில் பாலிகிளினிக்கில் ரெஃபரல் வாங்கிக்கொண்டுதான் அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைக்குப் போக வேண்டும். அவசர சிகிச்சை அல்லாத எதற்கும் ரெஃபரல் இல்லாமல் கட்டிய பில் திரும்பி வராது. இதில் அடிக்கடி நடக்கும் தவறு, தாத்தாவின் இ.சி.எச்.எஸ். கார்டை எடுத்துக்கொண்டு பேரனைக் கூட்டிப் போவது. தாத்தா சுபேதாராக ஓய்வு பெற்றிருந்தாலும் பேரக்குழந்தை அவருடைய கார்டில் வராது. பக்கத்து வீட்டார் முதலமைச்சர் காப்பீட்டைச் சொல்வார்கள். அதற்கு ஆண்டு வருமான உச்சவரம்பு 1,20,000 ரூபாய் என்பதால் பணியில் இருப்பவர் குடும்பம் பொதுவாக அதில் சேராது.

இன்னொரு வழி எல்லோருக்கும் திறந்திருக்கிறது: 2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் இயங்கும் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையம். டி.இ.ஐ.சி. என்று கேட்டால் அங்கே தெரியும். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்க் கேட்க வேண்டும், கட்டணம் இல்லை. அங்கன்வாடிக் குழந்தைகளை வருடத்துக்கு இரண்டு முறை நடமாடும் மருத்துவக் குழு பார்க்கும். ஆனால் எட்டு மாதம் பதான்கோட்டிலும் நான்கு மாதம் தக்கலையிலும் இருக்கும் குழந்தை எந்த அங்கன்வாடிப் பதிவேட்டிலும் ஒழுங்காக இருக்காது. குழு வரும் நாளில் அது ஊரில் இருக்காது. அதனால் இந்தக் குழந்தைகளை நாமாகத்தான் அனுப்பி வைக்க வேண்டும்.

பேச்சு வரவில்லை என்று வரும் எந்தக் குழந்தைக்கும் முதலில் காது. கதவு சத்தத்துக்குத் திரும்புகிறான், டிவி பாட்டுக்கு ஆடுகிறான் என்பதெல்லாம் போதாது. சத்தத்துக்குக் காது நரம்பும் மூளையும் பதில் தருகின்றனவா என்று பார்க்கும் பெரா சோதனை செய்தே ஆக வேண்டும். குழந்தை தூங்கினால்தான் இந்தச் சோதனை எடுக்க முடியும். மார்த்தாண்டத்திலிருந்து வடசேரி வந்து, அடுத்த பஸ் பிடித்து ஆசாரிப்பள்ளம் வரும் வழியில் குழந்தை நன்றாகத் தூங்கிவிடும், சோதனை அறைக்குள் போனதும் முழித்துக்கொள்ளும், தேதி வீண். அதனால் முந்தின இரவு தாமதமாகத் தூங்க வைத்து, விடியற்காலையில் எழுப்பி, பஸ்ஸில் தூங்க விடாமல் கூட்டி வரச் சொல்ல வேண்டும். கூட ஒரு ஆள் வருவது நல்லது. அம்மா ஒருத்தியால் டோக்கன் எடுக்கவும் பிள்ளையை விழித்திருக்க வைக்கவும் முடியாது.

இரண்டு வயதுக்குள் என்றால் திருவனந்தபுரம் வளர்ச்சி அட்டவணை கைவசம் இருக்க வேண்டும். 17 செயல்கள், ஒரே தாள்; ஒவ்வொரு செயலும் எந்த வயதுக்குள் வர வேண்டும் என்பது ஒரு பட்டையாக இருக்கும். குழந்தையின் வயதில் ஒரு செங்குத்துக் கோடு போட்டு, அந்தக் கோட்டுக்கு இடப்புறமே பட்டை முழுவதுமாக முடிந்துவிட்ட செயல்களில் ஏதாவது குழந்தைக்கு வராமல் இருக்கிறதா என்று பார்ப்பது. இங்கே தவறுவது கோட்டில்தான். எட்டு மாதத்தில் பிறந்த குழந்தைக்குப் பிறந்த தேதியிலிருந்து கோடு போட்டால் இல்லாத தாமதம் தெரியும். முன்கூட்டிப் பிறந்த வாரங்களைக் கழித்துத் திருத்திய வயது போட வேண்டும், இரண்டு வயது வரை. 16 மாதத்திலிருந்து 30 மாதம் வரை ஆட்டிசத்துக்கான முதல்கட்டக் கேள்வித்தாளான எம்-சாட்டின் 20 கேள்விகளையும் சேர்த்துக்கொள்கிறோம். கேட்கும்போது 'செய்வானா' என்று கேட்டால் எல்லாவற்றுக்கும் 'செய்வான்' என்றுதான் பதில் வரும். 'தினமும் வழக்கமாகச் செய்வானா, நேற்று எப்போது செய்தான்' என்று கேட்க வேண்டும். மதிப்பெண் 3 முதல் 7 வந்தால் அது முடிவு இல்லை. தொடர்கேள்விகள் கேட்டு முடித்த பிறகுதான் எதையும் சொல்லலாம்.

மொழிக் கணக்கு இந்தக் குடும்பங்களுக்கே உரிய ஒன்று. குவார்ட்டர்ஸில் இந்தி, வீட்டில் தமிழ், விளவங்கோடு பக்கம் என்றால் மலையாளமும் கலக்கும். எத்தனை வார்த்தை பேசுகிறான் என்று கேட்டால் அம்மா தமிழை மட்டும் எண்ணி 'பத்துகூட இல்ல' என்பார். தண்ணீர்க் குவளையைப் பார்த்துக் குழந்தை 'பானி' என்று சொல்லிக்கொண்டிருக்கும். அது கணக்கில் வந்திருக்காது. எல்லா மொழியிலும் சொல்லும் சொற்களைக் கூட்டித்தான் எண்ண வேண்டும். இரண்டு வயதில் எல்லாம் சேர்த்தும் 50 வராமல், இரண்டு சொல் சேர்த்தும் பேசாமல் இருந்தால் தாமதம் என்று எடுத்துக்கொள்ளலாம். 'ஒரே மொழி பேசுங்க, குழம்பிடும்' என்று இன்னமும் சிலர் அறிவுரை சொல்லி அனுப்புகிறார்கள். இரு மொழி கேட்பதால் பேச்சுத் தாமதம் வராது. அப்பா போனில் இந்தி கலந்து பேசினால் பேசட்டும். அதை நிறுத்தினால் கொஞ்சநஞ்சம் நடக்கும் உரையாடலும் போய்விடும்.

வாரத்துக்கு 45 நிமிடம் இரண்டு அமர்வு என்பது எங்கள் ஏற்பாடு. உண்மையான வேலை வீட்டில், அதிலும் ஆச்சியின் கையில். தனியாக உட்கார வைத்துப் பயிற்சி கொடுக்கச் சொன்னால் முதல் வாரத்தோடு நின்றுவிடும். குளியல், சாப்பாடு, வெளியே போவது இந்த மூன்றில் மட்டும் செய்யச் சொல்கிறோம். குளிக்க வைக்கும்போது இரண்டு கப் தண்ணீர் ஊற்றிவிட்டு, மூன்றாவதைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு ஐந்து வரை மனதுக்குள் எண்ண வேண்டும். ஒன்றும் பேசக் கூடாது. குழந்தை கப்பைப் பார்த்தாலோ, கையை நீட்டினாலோ, சத்தம் கொடுத்தாலோ உடனே 'ஊத்து' என்று சொல்லி ஊற்ற வேண்டும். இதில் கஷ்டம் அந்த ஐந்து விநாடி. 'மக்களே, ஊத்தட்டா, தண்ணி வேணுமா, சொல்லு மக்களே' என்று பாசத்தில் நிறுத்தாமல் பேசிவிட்டால் குழந்தைக்குப் பேச இடமே இல்லாமல் போகும். சாப்பாட்டிலும் அப்படித்தான். புட்டுக்குப் பழம் பிசைந்து ஊட்டிப் பழகிய குழந்தைக்கு முதலில் நேந்திரம் பழத்தை விரல் நீளத்துக்கு நறுக்கி அவித்து, கையில் கொடுத்து, கடைவாய்ப் பக்கம் வைத்துக் கடிக்க விட வேண்டும். அவித்த மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) அடுத்த கட்டம். நாரை எடுத்துவிட்டுக் கொடுக்க வேண்டும். மூன்று வயதிலும் எல்லாவற்றையும் மசித்துக் கொடுத்துக்கொண்டிருந்தால் மெல்லும் பழக்கம் வராது.

வீடியோ கால் பற்றி எல்லா வீட்டிலும் கேட்பார்கள். 'திரை கூடாது' என்ற பொது விதியை இங்கே போட்டுவிடக் கூடாது. எதிர்முனையில் இருப்பது அப்பா. ஆனால் அரை மணி நேரம் போனை முகத்துக்கு முன்னால் நீட்டி 'அப்பாட்ட பேசு' என்றால் குழந்தை ஓடிவிடும், அங்கே அப்பா மனமுடைந்து போவார். ஐந்து நிமிடம் போதும். தினமும் ஒரே தொடக்கம், அதே பாட்டோ அதே கைதட்டலோ. இரண்டு பக்கமும் ஒரே மாதிரிப் பொருள், ஒரு சிவப்புப் பந்து போல. அப்பா பந்தை ஒளித்துக் காட்டும்போது அம்மா இங்கே அதே நேரத்தில் ஒளித்துக் காட்ட வேண்டும். ஒன்றரை வயதுக்குக் கீழே அம்மா இப்படிப் பக்கத்தில் இருந்து செய்து காட்டாவிட்டால் திரையில் நடப்பது குழந்தைக்குப் புரியாது. டவர் இல்லாத இடத்துக்குப் போகப் போகிறார் என்றால், போவதற்கு முன்பே தூங்க வைக்கும் பாட்டை அவர் குரலில் பதிந்து வைத்துக்கொள்ளச் சொல்கிறோம்.

போட்டோவில் ஒரு விஷயம். சுவரில் இருப்பது பெரும்பாலும் யூனிஃபார்ம், தொப்பியோடு எடுத்த படம். 'அப்பா எங்க' என்றால் குழந்தை அதைத்தான் காட்டும். லீவில் வந்து கைலி கட்டிக்கொண்டு நிற்பவர் அதற்கு வேறு ஆள். மூன்று படம் வேண்டும்: யூனிஃபார்மில் ஒன்று, கைலியிலோ டிரவுசரிலோ ஒன்று, தொப்பி இல்லாமல் முகம் மட்டும் பெரிதாகத் தெரிய ஒன்று. மூன்றையும் ஒரே அட்டையில் ஒட்டிக் குழந்தையின் கைக்கெட்டும் உயரத்தில் வைக்க வேண்டும்.

ஜவான்களுக்கு வருடத்தில் 60 நாள் ஆண்டு விடுப்பு, 30 நாள் கேஷுவல் லீவ். துண்டு துண்டாகத்தான் வருவார்கள், கிறிஸ்துமஸ் சமயத்திலோ மண்டைக்காட்டுக் கொடைக்கோ. வந்த மறுநாளே தெரபி அறைக்குக் கூட்டி வருவார்கள். அந்த வாரம் அப்பாவுக்குப் பயிற்சி எதுவும் கொடுப்பதில்லை. குழந்தை அருகில் வரும் வரை தரையில் உட்கார்ந்து விளையாடுவது மட்டும்தான். தூக்கக் கூடாது, முத்தம் கேட்கக் கூடாது. சொல்வதற்கே எங்களுக்குக் கஷ்டமாக இருக்கும். ஆனால் அவசரப்பட்டுத் தூக்கினால் நெருக்கம் இன்னும் தள்ளிப் போகிறது. இரண்டாவது வாரத்திலிருந்து ஒரே ஒரு வேலையை, குளியலை, முழுவதுமாக அப்பாவிடம் ஒப்படைக்கிறோம். கடைசி வாரத்தில் அது மெல்ல ஆச்சியிடம் திரும்ப வர வேண்டும். இல்லாவிட்டால் அவர் கிளம்பிய மறுநாள் குழந்தை குளிக்கவே மறுக்கும். இலக்குகளையும் லீவை ஒட்டியே வைக்கிறோம்: புதுத் திறனை லீவு நடுவில் தொடங்குவது, அவர் போன இரண்டு வாரத்துக்குப் புதிதாக எதையும் தொடங்காமல் பழையதைக் காப்பது.

லீவிலேயே முடிக்க வேண்டிய காகித வேலையும் உண்டு. குழந்தையின் பிறப்பு, குடும்ப விவரங்களைப் படை பதிவு செய்யும் பார்ட் டூ ஆர்டரில் ஏறியிருக்கிறதா என்று முதல் நாளே கேளுங்கள். ஏறாவிட்டால் படையின் கணக்கில் அந்தக் குழந்தை சார்ந்தவரே இல்லை. பேர் பொருந்தாமல் போவது அடுத்த சிக்கல். நம் ஊர் பிறப்புச் சான்றில் இனிஷியல் இருக்கும், ஆதாரில் அது பேருக்குப் பின்னால் போகும், படை ஆவணத்தில் அப்பா பேர் முழுதாக விரியும். மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டையான யு.டி.ஐ.டி.க்கு விண்ணப்பிக்கும் முன் மூன்றையும் ஒன்றாக்கிவிட வேண்டும், பிறகு திருத்த மாதக்கணக்காகும். ஐந்து வயதுக்குள் வளர்ச்சித் தாமதத்துக்குக் கிடைப்பது தற்காலிகச் சான்று, புதுப்பிக்க வேண்டும். சான்று கையில் இருந்தால் பள்ளிப் பருவத்தில் கல்விப்படி இரு மடங்காகும், 2024 ஜனவரி முதல் மாதம் 5,625 ரூபாய். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு என்றால் நிரமயா காப்பீட்டில் ஒரு லட்சம் ரூபாய் வரை உண்டு. வசதியுள்ள ஊருக்கு மாற்றல் கேட்பதற்கும் இதே சான்றுதான் அடிப்படை, யூனிட் வழியாகத்தான் கேட்க வேண்டும். பெரிய கன்டோன்மென்ட்களில் ராணுவ மனைவியர் நலச் சங்கத்தின் ஆஷா பள்ளிகள் இருக்கின்றன. பேச்சுப் பயிற்சியாளரோ சிறப்புக் கல்வியாளரோ கொடுக்கும் அறிக்கையில் இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் (ஆர்.சி.ஐ.) பதிவு எண் இல்லாவிட்டால் யாரும் அதை மதிப்பதில்லை.

போஸ்டிங் வந்ததும் குடும்பமும் கிளம்பும். ஹிம்சாகர் ரயிலில் மூன்று நாள் பயணம், போய் இறங்கும் ஊரில் தமிழ் அறிக்கையை யாரும் படிக்க முடியாது. ஒரு பக்கச் சுருக்கம் ஆங்கிலத்தில், படச் சீட்டுகளின் பின்புறம் இந்தியில் சொல், குழந்தை செய்யக்கூடியதைக் காட்டும் இரண்டு நிமிட வீடியோ, பெரா அறிக்கையின் அசல். கேட்பதற்குக் காக்ளியர் கருவி பொருத்திய குழந்தை என்றால், கருவியைக் கடைசியாகச் சரிசெய்த மேப்பிங் விவரமும், உபரி பேட்டரியும், தலையில் ஒட்டும் காயிலும். காலில் ஸ்பிளிண்ட் போடும் குழந்தைக்கு ரயிலில் நாள் முழுக்க மாட்டி வைக்கக் கூடாது; கழற்றிய 20 நிமிடத்துக்குப் பிறகும் சிவப்புத் தடம் மறையாவிட்டால் அளவு சிறிதாகிவிட்டது, போய்ச் சேர்ந்ததும் புதிதாகச் செய்ய வேண்டும். ஃபைலில் எங்கேயும் யூனிட் பேரோ இடமோ எழுதுவதில்லை, அப்பாவின் யூனிஃபார்ம் படத்தை வைப்பதில்லை. வீடியோவிலும் பின்னணியில் அது தெரியாமல் பார்த்துக்கொள்கிறோம்.

இந்த ஃபைல் லக்கேஜில் போகக் கூடாது. அம்மாவின் கைப்பையில், அந்த மூன்று பட அட்டையோடு இருக்க வேண்டும். புது குவார்ட்டர்ஸில் பெட்டிகளைப் பிரிப்பதற்கு முன்னால் அட்டையைக் குழந்தையின் கைக்கெட்டும் சுவரில் ஒட்டிவிட்டு, மறுநாள் காலையே குளியலில் அதே கப்போடு 'ஊத்து' என்று தொடங்கச் சொல்லி அனுப்புகிறோம். கப்பையும் மறக்காமல் எடுத்துப் போகச் சொல்ல வேண்டும்.