நெப்ராஸ்கா நிலத்திலிருந்து ஜெர்மன் கிராமத்துக்கு

ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்குப் போன மூதாதையரின் சொந்த ஊரைத் தேடுகிறீர்களா? அமெரிக்க சென்சஸ் (மக்கள்தொகைக் கணக்கெடுப்பு) தாளில் பிறந்த இடம் ‘பிரஷ்யா’ (அன்றைய பெரிய ஜெர்மானிய அரசு) என்று மட்டும் இருக்கும். அதை நம்பி ஜெர்மனிக்குக் கடிதம் போடுவது வீண் வேலை. அங்கே பழைய பிறப்பு, திருமணப் பதிவுகள் ஊர்வாரியாக, திருச்சபைவாரியாகத்தான் இருக்கின்றன. ஊர்ப் பெயரை அமெரிக்க ஆவணங்களிலேயே கண்டுபிடித்தாக வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் குடியேறிய விவசாயி என்றால், வம்சாவளி தேடும் நாங்கள் நிலத்தைப் பிடித்துக்கொண்டுதான் போவோம்.

முதலில் 1900 சென்சஸ். பிறந்த மாதம், குடியேறிய ஆண்டு, குடியுரிமை நிலை மூன்றும் அதில் உண்டு. 1890 சென்சஸ் தாள்கள் 1921 தீ விபத்தில் சிக்கி, கிட்டத்தட்ட முழுதும் போய்விட்டன. நல்லவேளையாக நெப்ராஸ்காவில் 1885இல் தனிக் கணக்கெடுப்பு நடந்தது. 1880, 1885 விவசாய அட்டவணைகளையும் விடாதீர்கள்: உழுத ஏக்கர், கறவை மாடு, வெண்ணெய் எத்தனை பவுண்டு, மக்காச்சோளம் எத்தனை புஷல் (தானிய அளவு) என்று குடும்பத்தின் வசதி அப்படியே தெரியும். 1880 தாளில் இருப்பது 1879 விளைச்சல்.

அடுத்து பட்டா, அதாவது அரசு தந்த நில உரிமைப் பத்திரம். 1862 ஹோம்ஸ்டெட் சட்டம் குடியேறுபவருக்கு அரசு நிலத்தில் 160 ஏக்கர் வரை தந்தது. ஐந்து ஆண்டு குடியிருந்து பயிர் செய்திருக்க வேண்டும். மத்திய அரசின் நில மேலாண்மைத் துறைத் தளத்தில் பெயரைத் தேடினால் பட்டா நகல் வரும். பலர் அதோடு நின்றுவிடுகிறார்கள். பட்டாவில் சரக்கு குறைவு; விஷயமெல்லாம் தேசிய ஆவணக் காப்பகத்திலுள்ள அவருடைய நில விண்ணப்பக் கோப்பில் இருக்கிறது. அதைக் கேட்க நில அலுவலகத்தின் பெயர், இறுதிச் சான்று எண், நிலம் இருந்த இடத்தைக் குறிக்கும் செக்‌ஷன், டவுன்ஷிப், ரேஞ்ச் எண்கள் வேண்டும். வீட்டின் நீள அகலம், கிணறு, சாட்சி சொன்ன அக்கம்பக்கத்தார் எல்லாம் கோப்பில் வரும். அந்தச் சாட்சிகளையும் தேடுங்கள்; ஒரே ஊரிலிருந்து வந்தவர்களாக இருப்பது சகஜம்.

வெளிநாட்டில் பிறந்தவர் குடியுரிமைச் சான்றையும் காட்டியாக வேண்டும் என்பதால், எந்த நீதிமன்றம் என்பதும் அங்கேயே கிடைத்துவிடும். 1906க்கு முன் பல வகை நீதிமன்றங்கள் குடியுரிமை வழங்கின. இந்தத் துப்பு இல்லாவிட்டால் கவுன்டி கவுன்டியாக (மாவட்டம் மாவட்டமாக) அலைய வேண்டியதுதான். ஆனால் அந்தச் சான்றிலும் ஊர்ப் பெயர் அபூர்வம்.

பட்டாவே இல்லையா? ரயில்வே கம்பெனியிடம் நிலம் வாங்கியிருப்பார். அரசுப் பட்டா கம்பெனி பெயரில் இருக்கும். இவருடைய கிரயப் பத்திரம் கவுன்டி பதிவு அலுவலகத்தில் கிடைக்கும்.

ஊர்ப் பெயருக்கு நம்பகமான இடம், அவர் போன லுத்தரன் அல்லது கத்தோலிக்கத் தேவாலயத்தின் அடக்கப் பதிவேடு. ஜெர்மன் மொழிப் பத்திரிகைகளின் இரங்கல் குறிப்பு அடுத்தது. ஹாம்பர்க் துறைமுகத்தின் கப்பல் பயணிகள் பட்டியல்கள் (1850–1934) கடைசியாக வசித்த ஊரைச் சொல்லும். இங்கிலாந்து வழியாகப் போனவர்களுக்குத் தனிப் பட்டியல். இன்னொரு துறைமுகமான பிரெமனின் பட்டியல்கள் பெரும்பாலும் அழிந்துவிட்டன. எனவே ஹாம்பர்க்கில் பெயர் இல்லாவிட்டால் பதற வேண்டாம்; பிரெமன் வழியாகப் போயிருக்கலாம்.

ஊர் கிடைத்ததும், ஜெர்மன் ஊர்களைப் பட்டியலிடும் மேயர்ஸ் ஊர் அகராதியில் அது எந்த மாவட்டத்தில் இருந்தது, அங்கேயே திருச்சபைத் தேவாலயம் இருந்ததா என்று பாருங்கள். நொய்ஷ்டாட் போன்ற பெயரில் பல ஊர்கள் உண்டு. பிரஷ்யா முழுவதற்கும் அரசுப் பதிவு வந்தது 1874 அக்டோபரில். அதற்கு முன் பெரும்பாலும் தேவாலயப் பதிவேடுகள்தான். புராட்டஸ்டன்ட் என்றால் ஆர்கியோன் தளம் (கட்டணம் உண்டு), கத்தோலிக்கர் என்றால் மாட்ரிகுலா (இலவசம்). கூரென்ட் என்ற பழைய ஜெர்மன் கையெழுத்தைப் படிக்கப் பழகாமல் இறங்காதீர்கள். யோஹான் ஃபிரீட்ரிஷ் வில்ஹெல்ம் என்று ஞானஸ்நானம் பெற்றவர் அமெரிக்காவில் வெறும் வில்லியமாக இருப்பார்.

ஜெர்மனியின் வெஸ்ட்பாலியா பகுதிக்காரர் என்றால் இன்னொரு சிக்கல். அங்கே பண்ணைக்குப் பெயர் உண்டு; பண்ணையின் வாரிசான பெண்ணை மணந்தவர் அந்தப் பண்ணைப் பெயரையே ஏற்றுக்கொள்வார். பதிவில் இரண்டு பெயர்களுக்கு நடுவே ‘கெனான்ட்’ (‘என்று அழைக்கப்படும்’) என்ற சொல் வந்தால், இரண்டிலும் தேடுங்கள்.