கிராமத்துச் சபையும் நிலப் பத்திரமும்: அமெரிக்கத் தெற்கிலிருந்து

மிசிசிப்பி, அலபாமா, ஜார்ஜியா மாநிலங்களின் கிராமத்துச் சாலைகளில் கறுப்பின மக்களின் சின்னச் சின்ன ஆலயங்கள் நிறையத் தென்படும். பெரும்பாலும் பாப்டிஸ்ட் சபைகள், ஆங்காங்கே ஏ.எம்.இ. (ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோபல்) என்ற கறுப்பின மெதடிஸ்ட் திருச்சபை. பல சபைகளில் மாதம் ஒன்றிரண்டு ஞாயிறுதான் பிரசங்கம். வருகிற காணிக்கை முழுநேர பாஸ்டருக்குக் கட்டுப்படியாகாது. அதனால் ஒருவரே இரண்டு மூன்று சபைகளைப் பார்த்துக்கொண்டு, வார நாட்களில் வேறு வேலைக்கும் போவார்.

ஆக, சபையை ஓட்டுவது மூத்த பொறுப்பாளர்களான டீக்கன்களும், வெள்ளை உடுத்திய மூத்த தாய்மார்களும், குறிப்பேடு வைத்திருக்கும் கிளார்க்கும்தான். இவர்களுடைய திறமையைப் பார்க்க வேண்டுமென்றால் ஒரு சாவு விழும்போது பார்க்க வேண்டும். அடக்கம் பெரும்பாலும் சனிக்கிழமை. இறந்து ஒரு வாரம், சில சமயம் அதற்கும் மேல் ஆகியிருக்கும். 1910 முதல் 1970 வரை சுமார் 60 லட்சம் கறுப்பின மக்கள் தெற்கைவிட்டுப் போனார்கள். சிகாகோ, டெட்ராய்ட் என்று சிதறிக் கிடக்கும் உறவுகள் வந்து சேர வேண்டுமே. கிளார்க் இரங்கல் தீர்மானம் எழுதி வாசிப்பார். நினைவுரைக்கு ஆளுக்கு இரண்டு நிமிடம் என்று அச்சிட்டே கொடுப்பார்கள், யாரும் அந்தக் கணக்கை மதிக்க மாட்டார்கள். வெள்ளைச் சீருடைப் பெண்கள் விசிறியும் கைக்குட்டையுமாக, மயங்கிச் சாய்பவர்களுக்காகத் தயாராக நிற்பார்கள். மண் தள்ளியதும் பக்கத்துக் கூடத்தில் பந்தி: பொரித்த கோழி, பீன்ஸ், உருளைக்கிழங்கு சாலட், பவுண்ட் கேக். யார் எதைச் சமைப்பது என்பது முன்னாடியே போனில் பிரித்தாகிவிடும். அதைச் செய்யாமல் விட்டால் ஆறு பேர் கேக்கோடு வந்து நிற்பார்கள்.

கல்லறைத் தோட்டத்தில்தான் கவனம் தவறுகிறது. கல் வைக்க வசதியில்லாத குழிகளில், அடக்கம் செய்யும் நிறுவனம் நட்டுவிட்டுப் போகும் சின்ன உலோகத் தகடுதான் அடையாளம். அதிலுள்ள காகிதச் சீட்டு வெயிலில் வெளுத்துவிடும். புல்வெட்டும் இயந்திரம் பட்டால் தகடே சாய்ந்துவிடும். யார் எங்கே என்று ஒரு வரைபடம் போட்டுக் கிளார்க்கின் நோட்டில் ஒட்டிவைத்த சபைகள் குறைவு. ஆகஸ்டில் பருத்திக்கும் மக்காச்சோளத்துக்கும் களை எடுத்து முடிந்து, அறுவடை தொடங்காத ஓய்வில் பக்தியைப் புதுப்பிக்கும் எழுப்புதல் கூட்டம் வைப்பது பழைய வழக்கம். இன்று விவசாயம் குறைந்துவிட்டாலும் வெளியூர்ப் பிள்ளைகள் ஊர் திரும்பும் காலம் அதுதான். வரைபடம் போடவும் அதுவே நல்ல சமயம், ஏனென்றால் ‘இது என் பெரியம்மா குழி’ என்று காட்ட ஆள் இருப்பார்கள்.

இவ்வளவுக்கும் அடிப்படை, ஆலயம் சபையாரின் சொந்த இடம் என்பது. குத்தகைக்கு உழுதவர்கள் குடியிருந்தது பண்ணையாருக்குச் சொந்தமான வீட்டில், அவர் நினைத்தால் வெளியேற்றலாம். 1962 ஆகஸ்டில் மிசிசிப்பியின் ரூல்வில்லில் வாக்காளர் பதிவுக் கூட்டம் நடந்ததும் ஒரு சபைக் கட்டடத்தில்தான். அதற்குப் போய்ப் பதிவு செய்ய முயன்ற பண்ணைத் தொழிலாளி ஃபேனி லூ ஹேமரைப் பண்ணையார் அன்றே வெளியேற்றினார். சபையை அப்படி வெளியேற்ற முடியாது, எரிக்கத்தான் முடிந்தது. 1964 ஜூன் 16 அன்று நெஷோபா கவுண்டியின் (மாவட்டம் போன்ற பிரிவு) மவுண்ட் சயன் மெதடிஸ்ட் ஆலயத்தை வெள்ளை இனவெறியர்கள் எரித்தார்கள். அந்தச் சாம்பலைப் பார்க்க வந்த ஷேனி, குட்மேன், ஷ்வெர்னர் என்ற சமவுரிமை இயக்கத் தொண்டர்கள் மூவரும் ஜூன் 21 இரவு கொல்லப்பட்டார்கள்.

இன்று அந்தச் சொத்துரிமையே பல இடங்களில் இற்றுக் கிடக்கிறது. ஏ.எம்.இ. சபைகளில் சொத்து திருச்சபை அமைப்பின் பொறுப்பில் இருக்கும். சுயேச்சையான பாப்டிஸ்ட் சபைகளில் பழைய பத்திரம் மூன்று நான்கு டிரஸ்டிகள் பெயரில் கிடக்கும், அவர்களில் பலரும் போய்ச் சேர்ந்திருப்பார்கள். கூரை வழக்கமாகக் கோபுரம் சேரும் இடத்தில்தான் ஒழுக ஆரம்பிக்கும். வாரத்தில் ஆறு நாள் பூட்டிக்கிடப்பதால், பலகை உளுத்த பிறகுதான் கண்ணில் படும். அப்போது கடனுக்கோ மானியத்துக்கோ ஓடினால் முதல் கேள்வி, ‘உரிமையாளர் யார்?’

செய்ய வேண்டியது இதுதான். கவுண்டி நீதிமன்றத்தின் பத்திரப் பதிவேட்டில் மூலப் பத்திரத்தைத் தேடி எடுக்க வேண்டும். ‘ஆலயமாகப் பயன்படும்வரை மட்டும்’ என்ற நிபந்தனை இருக்கிறதா பாருங்கள். இருந்தால், கதவை மூடிய சபையின் நிலம் கொடுத்தவரின் வாரிசுகளுக்கே திரும்பிப் போகலாம். பிறகு சபைக் கூட்டம் கூட்டி, புதிய டிரஸ்டிகளைத் தேர்ந்து, குறிப்பேட்டில் எழுதி, கையெழுத்திட்டுப் பதிவு செய்ய வேண்டும். வருமான வரி விலக்குக்கு ஆலயங்கள் மனுப்போடத் தேவையில்லை. ஆனாலும் மானியம் தருவோர் பலர் விலக்கை உறுதிசெய்யும் வரித்துறைக் கடிதம் கேட்பார்கள், அதையும் வாங்கி வைப்பது நல்லது. பழைய டிரஸ்டிகளில் ஒருவராவது உயிரோடு இருக்கும்போதே இதைத் தொடங்கினால் வக்கீல் செலவு வெகுவாக மிச்சமாகும்.